குளியலறையில் எழுதிய நெறிமுறை

1969 ஏப்ரல். லாஸ் ஏஞ்சலிஸில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஸ்டீவ் குரோக்கர், தங்க இடம் கொடுத்த நண்பர்களின் தூக்கம் கெடக்கூடாதென்று ராத்திரியில் குளியலறையில் உட்கார்ந்து எழுதினார். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் சேரப்போகும் வெவ்வேறு ரகக் கணினிகள் எப்படிப் பேசிக்கொள்வது என்பது பற்றிய குறிப்பு அது. பணம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையுடையது; யோசித்தவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். பெரியவர்கள் வந்து, 'உங்களை யார் கேட்டது?' என்றுவிடுவார்களோ என்ற பயம் வேறு. அதனால் பணிவாக 'ரெக்வெஸ்ட் ஃபார் காமெண்ட்ஸ்', அதாவது கருத்துச் சொல்லுங்கள் என்று பெயரிட்டார். இணையத்தின் நெறிமுறைகள் இன்றும் அதே தலைப்பில், ஆர்.எஃப்.சி. என்ற வரிசை எண்ணோடுதான் வருகின்றன. யாரும் காசு கொடுக்காமல் படிக்கலாம், அதன்படி மென்பொருள் எழுதலாம்.

மின்னஞ்சலையே பாருங்கள். 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய 821-ஆம் ஆர்.எஃப்.சி.யின்படி, அனுப்பும் கணினி முதலில் 'ஹெலோ' என்று தன் பெயரைச் சொல்லும். எதிர்முனை '250' என்னும். சரி என்று அர்த்தம். அனுப்புநர் முகவரி: 250. பெறுநர் முகவரி: 250, அப்படி ஒருவர் இல்லையென்றால் 550. பிறகு 'டேட்டா' என்றதும் '354', கடிதத்தைக் கொடு. ஒரு வரியில் வெறும் புள்ளி வந்தால் கடிதம் முடிந்தது. எல்லாம் சாதாரண எழுத்துகள் என்பதால், ஒரு மனிதரே விசைப்பலகையில் தட்டி முழு உரையாடலையும் நடத்திவிடலாம். எனக்கு இதில் பிடித்ததே இந்த ஒளிவுமறைவின்மைதான்.

தொந்தரவும் இங்கேதான். அனுப்புநர் முகவரி உண்மைதானா என்று அந்த நெறிமுறை சரிபார்ப்பதில்லை. ஒருவரையொருவர் அறிந்த சின்ன வட்டத்துக்கு அது போதும்; உலகமே உள்ளே வந்தபிறகு, வங்கி பெயரில் வரும் மோசடிக் கடிதங்களுக்கும் அதுவே வசதியாகிவிட்டது. பின்னாளில் அனுப்புநரைச் சரிபார்க்க எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். என்று ஒட்டுப்போட்டார்கள். அவையும் ஆர்.எஃப்.சி.கள்தான், மோசடிக்காரரும் படிக்கலாம்.

2012-இல் வந்த 6531-ஆம் ஆர்.எஃப்.சி., மின்னஞ்சல் முகவரியைத் தமிழ் எழுத்திலேயே வைத்துக்கொள்ள இடம் தருகிறது. ஆனால் அதைப் பதிவுப் படிவங்களில் கொடுத்துப் பாருங்கள். பல தளங்கள் 'முகவரி தவறு' என்று திருப்பிவிடும். நெறிமுறையை யாரும் படிக்கலாம் என்றுதான் வைத்திருக்கிறார்கள். படித்தே ஆகவேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது.