ஏரியும் அருவியும் பார்க்க க்ரோஷியா போகணுமா? புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஏரிச் சங்கிலி இருக்கு!

அடுக்கடுக்கான பச்சை ஏரிகள், ஒவ்வொன்றிலிருந்தும் அடுத்ததற்கு விழும் அருவிகள், நடுவில் மரப்பலகைப் பாதை. க்ரோஷியாவின் ப்ளிட்விட்சே தேசியப் பூங்கா ரீல்ஸைப் பார்க்காதவர்கள் குறைவு. 'பக்கெட் லிஸ்ட்'டில் சேர்த்துவிட்டு, விசா செலவைப் பார்த்து அமைதியானவர்களும் உண்டு.

புதுச்சேரியில் தேசியப் பூங்கா என்று ஒன்றுகூட கிடையாது. ஆனால், 'ஏரியிலிருந்து ஏரிக்குத் தண்ணீர் இறங்கும்' அதே கணக்கில் இயங்கும் ஓர் அமைப்பு நம்மிடம் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. அதன் மிகப்பெரிய துண்டு, நகரிலிருந்து சுமார் 10 கி.மீ. தூரத்தில் இருக்கும் ஊசுட்டேரி. இந்த சீசனில் அங்கே போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

முதல்ல, ப்ளிட்விட்சே எப்படி வேலை செய்யுது?

1949-ல் தேசியப் பூங்காவான ப்ளிட்விட்சேவில் பெயர் சூட்டப்பட்ட ஏரிகள் 16. 1979-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. அங்குள்ள தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அது பாசி, நுண்ணுயிர்கள் மேல் படிந்து கல்லாகிறது. அந்தக் கல் வளர்ந்து இயற்கையான தடுப்புச் சுவராகிறது. சுவருக்குப் பின்னால் நீர் தேங்கினால் ஏரி. சுவரைத் தாண்டி வழிந்தால் அருவி. அவ்வளவுதான் சங்கதி.

அதாவது, அங்கே ஏரியைக் காப்பாற்றுவது என்றால், மேலிருந்து வரும் நீரின் அளவையும் சுத்தத்தையும் காப்பாற்றுவது. அதனால்தான் ஏரிகளில் நீச்சலுக்குத் தடை. கூட்டம் அளவு மீறியபோது யுனெஸ்கோ கவலை தெரிவித்தது. இப்போது நேரம் குறித்த டிக்கெட் முறை நடைமுறையில் இருக்கிறது.

சரி, நம்ம ஊர்ல அருவி எங்க இருக்கு?

சமவெளியில் மலை இல்லை, அருவியும் இல்லை. ஆனால் கலிங்கல் இருக்கிறது. ஏரி நிரம்பினால் உபரி நீர் கரையை உடைக்காமல் வழிந்து போகக் கட்டப்பட்ட கல் அமைப்புதான் கலிங்கல். நல்ல மழை வருஷத்தில் கலிங்கல் பாய்கிறது என்றால் ஊரே போய் நின்று பார்க்கும்.

அப்படி வழியும் தண்ணீர் வீணாகாது. போக்குக்கால் வழியாக அடுத்த ஏரிக்கோ, ஓடைக்கோ, ஆற்றுக்கோ போகும். ப்ளிட்விட்சேவில் பாசி எழுப்பிய சுவரை இங்கே மனிதர்கள் மண்வெட்டியால் எழுப்பினார்கள். வித்தியாசம் ஒன்றுதான்: பாசி தானாக வளரும். கரையை நாம்தான் பராமரிக்க வேண்டும்.

புதுச்சேரி பகுதியில் மட்டும் 84 ஏரிகள் கணக்கில் உள்ளன. இதில் இரண்டு வகை. ஆற்றிலிருந்து கால்வாய் மூலம் நீர் பெறுபவை ஒன்று. மழைநீரை மட்டும் நம்பியிருப்பவை இன்னொன்று. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் பராமரிப்பைக் கவனித்தவை 'சிந்திகா அக்ரிகோல்' எனப்பட்ட விவசாயிகள் சங்கங்கள். போர்வெல் வந்த பிறகு ஏரிப் பாசனத்தின் தேவை குறைந்தது; கூடவே கவனிப்பும் குறைந்தது.

ஊசுட்டேரிக்குத் தண்ணி எங்கிருந்து வருது?

செஞ்சிப் பக்கம் உருவாகும் சங்கராபரணி ஆற்றிலிருந்து. விழுப்புரம் மாவட்டத்தில் இந்த ஆற்றின் குறுக்கே 1959-ல் கட்டப்பட்ட வீடூர் அணை இருக்கிறது. அதற்குக் கீழே, சுத்துக்கேணி கால்வாய் வழியாக ஆற்று நீர் ஊசுட்டேரிக்குத் திருப்பப்படுகிறது. சுற்றுவட்டார மழைநீரும் சேர்கிறது.

அதே ஆற்றின் கடைசி அத்தியாயம் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த இடம்தான். பாரடைஸ் பீச்சுக்குப் படகு ஏறும் சுண்ணாம்பாறு, சங்கராபரணியின் கிளை. வீக்எண்டில் நீங்கள் செல்ஃபி எடுக்கும் கழிமுகமும், ஊசுட்டேரியில் வாத்து நீந்தும் தண்ணீரும் ஒரே ஆற்றின் கணக்கு.

புதுச்சேரியின் இரண்டாவது பெரிய ஏரியான பாகூர் ஏரி இன்னொரு சங்கிலி. அதற்குத் தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் நீர் கொண்டு வருகிறது.

ஒரு ஏரி, இரண்டு அரசு. எப்படி?

ஊசுட்டேரியின் பரப்பு சுமார் 800 ஹெக்டேர். இதில் ஏறக்குறைய பாதி, சுமார் 390 ஹெக்டேர், புதுச்சேரிக்குச் சொந்தம். மீதி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில். பறவைக்கு எல்லைக்கோடு தெரியாது, கோப்புக்குத் தெரியும். புதுச்சேரி தன் பகுதியை 2008-லும், தமிழ்நாடு தன் பகுதியை 2014-லும் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன.

சரணாலயத்துக்கும் தேசியப் பூங்காவுக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டுமே 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. சிம்பிளாகச் சொன்னால், தேசியப் பூங்காவில் விதிகள் கடுமை. ஆடு மாடு மேய்ச்சலுக்குக்கூட அனுமதி கிடையாது. சரணாலயத்தில் உள்ளூர் மக்களின் சில உரிமைகளைக் கட்டுப்பாடுகளுடன் தொடர அனுமதிக்கலாம். விவசாயிகளும் மீனவர்களும் தலைமுறைகளாகப் புழங்கும் ஓர் ஏரிக்கு இரண்டாவது வகைதான் பொருத்தம்.

ஆனால் இங்கே ஒரு முக்கியமான ஓட்டை. சரணாலய எல்லை என்பது ஏரி என்ற பாத்திரத்துக்கு. அதில் தண்ணீர் ஊற்றும் வரத்துக்கால்கள் பெரும்பாலும் அந்த எல்லைக்கு வெளியே கிடக்கின்றன. கால்வாயில் ஆக்கிரமிப்பு, குப்பை, கழிவுநீர் என்றால், பாத்திரத்துக்கு எவ்வளவு பெரிய பூட்டு போட்டும் பயனில்லை.

'ஈரநிலம்தானே, அதற்கென்று தனி விதி இருக்குமே' என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் 2017-ம் ஆண்டு ஈரநில விதிகள், பாசனத்துக்கென்றே மனிதர்கள் கட்டிய நீர்நிலைகளை விலக்கி வைக்கின்றன. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் உள்ள பெரும்பாலான ஏரிகள் அப்படி உருவானவைதான்.

இது பறவை பார்ப்பவர்களின் கவலை மட்டும்தானா?

இல்லை. உங்கள் வீட்டுக் குழாயின் கவலை. புதுச்சேரி நகரம் குடிநீருக்கு நிலத்தடி நீரையே நம்பியிருக்கிறது. கடலோரத்தில் அளவுக்கு மீறி உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே வரும். பல இடங்களில் இது ஏற்கெனவே நடந்துவிட்டது. ஏரியில் நிற்கும் நீர் மெல்ல நிலத்துக்குள் இறங்கி, அந்த உப்பைத் தடுத்து நிறுத்தும் எதிர் அழுத்தமாக வேலை செய்கிறது.

மேற்கிலிருந்து நகருக்கு நீர் வருவது புதிய கதையும் இல்லை. பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் ஆயி மண்டபம் எதற்காகக் கட்டப்பட்டது தெரியுமா? முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டு வந்ததன் நினைவாக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில். குளம் வெட்டியதாகச் சொல்லப்படும் ஆயி என்ற பெண்ணின் பெயர்தான் அதற்கு. புதுச்சேரியின் சின்னமாக நாம் போட்டோ எடுக்கும் கட்டடம், உண்மையில் தண்ணீருக்கு எழுப்பிய நன்றி.

அடுத்தது வெள்ளம். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. வீடூர் அணை திறக்கப்பட, சங்கராபரணி கரைபுரண்டது. இப்படிப்பட்ட மழையை எந்த ஒரு ஏரியும் தனியாகத் தாங்காது. சங்கிலி முழுசாக இருந்தால், ஒவ்வொரு ஏரியும் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொண்டு, மீதியை மெதுவாகக் கீழே அனுப்பும். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால், தண்ணீர் தெருவில்தான் வழி தேடும்.

எப்போ போகலாம்? என்ன பார்க்கலாம்?

● சீசன்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை. வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பியிருக்கும். வலசைப் பறவைகளும் வந்திருக்கும். கோடையில் நீர் வெகுவாக வற்றிவிடும்.

● நேரம்: காலை 6 முதல் 9 மணிக்குள் பெஸ்ட். வெயில் ஏறினால் பறவைகள் கரையிலிருந்து தள்ளிப் போய்விடும்.

● வழி: வில்லியனூர் – பத்துக்கண்ணு சாலை. டூவீலரில் நகரிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

● பறவைகள்: நாமக்கோழி, ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை. அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரை.

● எடுத்துப் போக: பைனாகுலர், தண்ணீர் பாட்டில், தொப்பி. மங்கலான நிற உடை நல்லது.

● வேண்டாம்: ஸ்பீக்கரில் பாட்டு, பிளாஸ்டிக் கவர், பறவைகளுக்கு பிஸ்கட், அனுமதியில்லாத ட்ரோன். நாணலுக்குப் பக்கத்தில் போய் கைதட்டி பறவைகளைப் பறக்கவைத்து வீடியோ எடுப்பது குறிப்பாக வேண்டாம். ஆயிரக்கணக்கான கி.மீ. பறந்து வந்த பறவை அங்கே இறங்கியிருப்பது இரை தேடவும் ஓய்வெடுக்கவும்தான்.

● படகு: படகு சவாரி, நுழைவு அனுமதி நிலவரத்தைப் போகும் முன் சுற்றுலாத் துறை, வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நீர்மட்டத்தையும் சீசனையும் பொறுத்து மாறும்.

ஒரு கூடுதல் டிப்ஸ்: ஏரியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். கரையோரமாகக் கொஞ்சம் தூரம் நடந்து, மதகு எங்கே, கலிங்கல் எங்கே, தண்ணீர் உள்ளே வரும் கால்வாய் எங்கே என்று தேடிப் பாருங்கள். அந்தக் கால்வாயில் குப்பை கிடந்தால் அதையும் ஒரு போட்டோ எடுங்கள். ஏரி அழகாக இருக்கிறது என்று சொல்ல ஆயிரம் ரீல்ஸ் இருக்கின்றன. அதற்குத் தண்ணீர் வரும் வழியைக் காட்டத்தான் ஆள் குறைவு.