நிழலில் மட்டும் நீலம்

தீபாவளி விடுமுறை முடிந்து காம்பாருக்குத் திரும்பிய அன்று, பாட்டி ஒரு பழைய மைலோ டின்னில் செடி கொடுத்தனுப்பினார். அவர் பால் வெட்டிய காலத்தில் லயத்துக்குப் பின்னால் படர்ந்து கிடந்த கொடி. தோட்டம் செம்பனைக்கு மாறியது, லயத்தையும் இடித்துவிட்டார்கள். பிறகு குடியேறிய தாமான் வீட்டிலும் முற்றத்துக்கு சிமெண்ட் பூசியாயிற்று. மிஞ்சியது இந்த ஒரு டின்தான். இலை மயில் கழுத்து நீலம். பாட்டிக்கு அது ‘மயில்செடி’.

செடிக்கு வெயில் வேண்டும் என்றுதானே ஆரம்பப் பள்ளியில் படித்தோம்? வாடகை அறையில் வெயில் விழும் ஜன்னலோரம் வைத்தேன். ஒரே மாதத்தில் நுனிகள் கருகின. புதிய இலைகள் வெறும் பச்சை. உரம் போட்டேன், இன்னும் மோசம்.

பதறிப்போய் பாட்டிக்குப் போன் செய்தேன்.

“வெயில்லயா வச்ச? அது பால்மரத்துக்குக் கீழ வளந்ததும்மா!”

பிறகுதான் படிக்க உட்கார்ந்தேன். இதன் அறிவியல் பெயர் செலாஜினெல்லா வில்டெனோவி. பார்வைக்குப் பெரணி, ஆனால் பெரணி அல்ல. பூவும் விதையும் இல்லாத மிகப் பழைய தாவரக் குலம். இலையில் நீலச் சாயமே கிடையாது. மேற்பரப்பிலுள்ள மிக மெல்லிய படலம், சோப்புக் குமிழியைப் போல, ஒளியைக் கொண்டு நிறம் காட்டுகிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டேவிட் லீ, லோரி என்பவருடன் சேர்ந்து 1975-இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் இதை விளக்கியிருக்கிறார். இலை நனைந்தால் நீலம் மறையும். பாட்டி தந்த பழைய இலை ஒன்றில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்த்தேன். அந்த இடம் பச்சையானது. காய்ந்ததும் நீலம் வந்துவிட்டது!

தாப்பா வழியே ஏறினால் வரும் கேமரன் மலையிலும் நீல இலைச் செடி உண்டு: பெகோனியா பவோனினா. அதன் கதை வேறு. நீலம் உண்டாவது பச்சையத்தைத் தாங்கும் நுண்தட்டுகளின் சீரான அடுக்கில். நீல ஒளியைத் திருப்பி அனுப்பிவிட்டு, காட்டின் அடியில் எஞ்சும் பச்சை ஒளியை அது கூடுதலாகப் பிடித்துக்கொள்கிறது. மங்கிய ஒளியில் இந்த அடுக்கு ஒளிச்சேர்க்கைத் திறனை 5 முதல் 10 விழுக்காடு வரை உயர்த்துவதாக 2016-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் எழுதினர்.

என் செடியைப் பின்கட்டுச் சுவரோரம், வெயில் எட்டாத இடத்துக்கு மாற்றினேன். மக்கிய இலையும் தேங்காய் நாரும் கலந்த மண். ஈரம் காயக்கூடாது, நீர் தேங்கவும் கூடாது. உரத்தை நிறுத்தினேன். கருகாத தண்டுகளை வெட்டி மண்மேல் படுக்க வைத்தேன். கிளை பிரியும் இடங்களில் வேர் இறங்கியது.

அடுத்த தளிர் நீலமாக வர இரண்டு மாதங்கள் ஆயின. இப்போது நான்கு சட்டிகள். ஒன்று பாட்டி வீட்டுக்குப் போகிறது. மாடிப்படிக்கு அடியில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறாராம்.