உலக நீதிமன்றத்தின் கதவைத் தட்டிய 27 மாணவர்கள்... தெரியுமா?

2019-ல் போர்ட் விலாவில் ஒரு வகுப்பு. பசிபிக் கடலில் இருக்கும் வனுவாட்டு நாட்டின் தலைநகரம் அது. சர்வதேச சுற்றுச்சூழல் சட்டம் படித்துக்கொண்டிருந்த தீவு மாணவர்கள் 27 பேர். கடல் ஏறுகிறது, புயல் வலுக்கிறது, சட்டத்தில் இதற்கு என்னதான் வழி என்று அலசினார்கள். கிடைத்த வழிகளில் எது எட்டாத உயரமோ அதையே பிடித்துக்கொண்டார்கள்: ஹேக் நகரில் இருக்கும் சர்வதேச நீதிமன்றத்திடமே கருத்துக் கேட்பது!

மாணவர்கள் கேட்டால் அந்த நீதிமன்றம் வாய் திறக்காது. ஐ.நா. பொதுச்சபை போன்ற அமைப்புதான் கேட்க வேண்டும். பொதுச்சபையை அசைக்க ஒரு நாடு வேண்டும். பசிபிக் தலைவர்களுக்குக் கடிதம் போட்டார்கள். வனுவாட்டு அரசு காது கொடுத்தது. அப்புறம் நடந்ததுதான் அதிசயம்! 2023 மார்ச் 29 அன்று தீர்மானம் சபைக்கு வந்தபோது 132 நாடுகள் அதன் கூட்டு முன்மொழிவாளர்கள். வாக்கெடுப்பே தேவைப்படவில்லை. 2024 டிசம்பரில் ஹேக்கில் விசாரணை தொடங்கிய முதல் நாளே எழுந்து பேசியவர்களில் ஒருவர் சாலமன் தீவுகளைச் சேர்ந்த சிந்தியா ஹௌனியூஹி. அந்த 27 பேரில் அவரும் உண்டு. 2025 ஜூலை 23 அன்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள்: பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, தவறினால் இழப்பீடு வரைக்கும் போகலாம். யாரையும் கட்டிப்போடாத ஆலோசனைக் கருத்துதான். ஆனால் உலகமெங்கும் வழக்கறிஞர்கள் இனி இதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நீதிமன்றம் போவார்கள்.

அந்த 27 பேர் படித்த இடம் தென் பசிபிக் பல்கலைக்கழகம். அதற்குச் சொந்தக்காரர்கள் யார் தெரியுமா? 12 நாடுகள்! 1968-ல் ஃபிஜியின் சுவா நகரில் தொடங்கியது. நியூசிலாந்து விமானப்படை தன் கடல் விமானங்களை நிறுத்தி வைத்திருந்த தளத்தைக் காலி செய்துவிட்டுப் போக, அங்கேயே வகுப்புகள் ஆரம்பம். சட்டம் படிக்க வனுவாட்டு, வேளாண்மை படிக்க சமோவா என்று கிளைகள். இந்தப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் அடங்கும் கடல் 3.3 கோடி சதுர கிலோமீட்டர். சொந்தக்காரர்களில் ஒன்றான டோக்கெலாவில் மொத்த நிலமே சுமார் 10 சதுர கிலோமீட்டர்தான். மக்கள் ஏறத்தாழ 1,500 பேர். விமான நிலையம் கிடையாது, சமோவாவிலிருந்து கப்பல் பிடித்துத்தான் போக வேண்டும். நம் ஊரில் ஒரு தெருவுக்கு இருக்கும் ஜனத்தொகையை வைத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தில் பங்கு வைத்திருக்கிறார்கள்!

இணையம் என்ற பேச்சே இல்லாத 1970களில் இவ்வளவு கடலைத் தாண்டி எப்படிப் பாடம் நடத்தினார்கள்? நாசா 1966-ல் ஏவிய ஏடிஎஸ்-1 என்ற சோதனைச் செயற்கைக்கோள் வானத்தில் சும்மா நின்றது. கேட்டு வாங்கிக்கொண்டார்கள். சுவாவில் ஆசிரியர் பேச, கடலுக்கு அப்பால் வேறொரு நாட்டு மாணவர் வானொலியிலேயே சந்தேகம் கேட்பார். 1985-ல் அந்தச் செயற்கைக்கோள் ஓய்ந்தது. 2000-ல் பல்கலைக்கழகமே தனக்கென ஒரு செயற்கைக்கோள் வலையமைப்பைத் தொடங்கிவிட்டது.

சரி, பாடத்தோடு நிற்காமல் தீவுக்காரர்களே தங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்வது எதற்கு? வெளியூரார் நூறு வருடமாக அதைத்தானே செய்துகொண்டிருந்தார்கள்? அங்கேதான் விஷயமே இருக்கிறது! ஆராய வந்தவர்கள் கதை கேட்டார்கள், பாட்டுக் கேட்டார்கள், மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். புத்தகம் லண்டனில் வந்தது, பாரிஸில் வந்தது, கதை சொன்ன கிழவரின் கிராமத்துக்கு மட்டும் வரவில்லை. 1980-ல் விடுதலை பெற்ற வனுவாட்டு என்ன செய்தது தெரியுமா? 1985-ல் வெளிநாட்டு மானுடவியல் ஆராய்ச்சிக்கே தடை போட்டது! 1994 வரை தடை நீடித்தது.

தடை போட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசும் நாடு அது. வனுவாட்டு பண்பாட்டு மையம் கிராமத்துக்காரர்களையே களப்பணியாளர்களாக வளர்த்தது. பட்டம் கிடையாது, சம்பளமும் கிடையாது. அவரவர் தோட்டத்தில் கிழங்கு நட்டுக்கொண்டே தன் ஊர்ச் சொற்களையும் சடங்குகளையும் பதிவு செய்பவர்கள். வருடத்துக்கு ஒருமுறை தீவு தீவாகக் கிளம்பி போர்ட் விலாவில் கூடுவார்கள். முன்கூட்டியே ஒரு தலைப்பு முடிவாகியிருக்கும். ஒவ்வொருவராக எழுந்து "எங்கள் ஊரில் இதற்கு இப்படி வழக்கம்" என்று எல்லோருக்கும் பொதுவான பிஸ்லாமா மொழியில் சொல்ல, அத்தனையும் ஒலிப்பதிவாகும். முதலில் ஆண்கள் மட்டும். 1990களில் பெண்களுக்கும் தனிக் கூட்டம் வந்தது. பாய் முடைவது போன்ற பெண்களின் அறிவும் ஏட்டில் ஏறியது.

தடை நீங்கிய பிறகு வரும் வெளிநாட்டு ஆராய்ச்சியாளருக்கு நிபந்தனைகள் உண்டு. உள்ளூர்க்காரரோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும், எடுத்ததில் ஒரு பிரதி மையத்தில் வைக்க வேண்டும், அந்த ஊருக்கு உபயோகமாக ஏதாவது செய்துவிட்டுப் போக வேண்டும். என்னைக் கேட்டால் கடைசி நிபந்தனை நம் பல்கலைக்கழகங்களுக்கும் வேண்டும்! இந்த மையத்துக்கு இயக்குநராக இருந்த ரால்ஃப் ரெகென்வானுதான் பிற்பாடு அமைச்சராகி, மாணவர்களின் வழக்கை ஹேக் வரை கொண்டுபோனார்.

அதே வனுவாட்டில் ஒரு தெருநாடகம் ஆராய்ச்சியாக மாறியது தெரியுமா? வான் ஸ்மால்பேக் என்ற நாடகக் குழு 1995-ல் கடலாமைகளைப் பற்றி ஒரு நாடகத்தைக் கிராமம் கிராமமாகப் போட்டது. பார்த்த கிராமங்கள் ஆமைக் காவலர்களை நியமித்தன. அவர்கள் முட்டையிடும் கரைகளைக் கவனித்தார்கள், ஆமைக்கு அடையாள வில்லை மாட்டினார்கள், கணக்கு எழுதினார்கள். அந்தக் கூட்டம் பெருகி நாடு தழுவிய கண்காணிப்பு வலையாகிவிட்டது.

பசிபிக்கின் இன்னொரு குட்டி நாடான துவாலுவுக்கு வருவோம். பத்தாயிரம் பேர்கூட இல்லாத நாடாக இருந்தபோதே, 1983-ல், தன் வரலாற்றைத் தானே எழுதிக்கொண்டது! ஒரு டஜனுக்கும் மேற்பட்ட துவாலுக்காரர்கள் ஆளுக்கொரு பகுதி எழுத, தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் பசிபிக் ஆய்வு நிறுவனம் வெளியிட்டது. அந்த நிறுவனத்தை நடத்திய ரான் குரோகோம்ப் நியூசிலாந்துக்காரர். எழுதிப் பழக்கமே இல்லாத தீவுக்காரர்களை உட்காரவைத்து எழுதவைப்பதுதான் அவருடைய வேலை. பெரிய மாநாடுகளைவிட இந்த மாதிரி வேலைதான் ஆளை உருவாக்குகிறது.

டோங்காவின் கொனாய் ஹெலு தாமன் ஆராய்ச்சி முறைக்கே பூமாலையை மாதிரியாக வைத்தார். பூப்பறிப்பது, தொடுப்பது, உரியவருக்குச் சூட்டுவது. மூன்றாவது படியைச் செய்யாதவர் ஆராய்ச்சியை முடிக்கவில்லை என்று அர்த்தம்!

"சின்னத் தீவுகள், பாவம், உதவியை நம்பி வாழ்பவை" என்றே வல்லுநர்கள் எழுதிக்கொண்டிருந்ததை ஒரே கட்டுரையில் புரட்டிப்போட்டவர் எபேலி ஹௌஓஃபா. டோங்கா பெற்றோருக்குப் பாப்புவா நியூகினியில் பிறந்து சுவாவில் பாடம் நடத்தியவர். 1993-ல் அவர் கேட்டது இதுதான்: நிலத்தை மட்டும் ஏன் அளக்கிறீர்கள், கடல் எங்களுடையது இல்லையா?

தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் ஆரம்பகால மாணவர் பிரிஜ் லால். ஃபிஜியின் லபாசா பக்கத்துக் கரும்பு விவசாயி மகன், ஒப்பந்தக் கூலியாக வந்தவரின் பேரன். 1879 முதல் 1916 வரை அப்படி 60,000-க்கும் மேற்பட்டவர்கள் இந்தியாவிலிருந்து ஃபிஜி போனார்கள். கல்கத்தாவில் கப்பலேறிய 45,439 பேரின் குடியேற்றச் சீட்டுகளை லால் ஒவ்வொன்றாகப் படித்துக் கணினியில் ஏற்றினார். வந்தவர்கள் எல்லோரும் ஒரே ரகம் என்ற பழைய பேச்சு அதோடு அடிபட்டது. பலதரப்பட்ட சாதியினர். பலர் கப்பலுக்கு முன்பே பிழைப்புத் தேடி சொந்த ஊரை விட்டுக் கிளம்பியவர்கள். பின்னாளில் ஃபிஜியின் 1997 அரசியலமைப்புக்கு வழிவகுத்த மூவர் குழுவில் லாலும் ஒருவர்.

1903-லிருந்து சென்னையிலும் கப்பல் ஏறினார்கள். தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளுமாக ஏறத்தாழ 15,000 பேர். ஒவ்வொரு சீட்டிலும் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதியிருக்கிறது. சீட்டுகள் சுவாவில் ஃபிஜி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பிள்ளை முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தால், இதைக் கொஞ்சம் காதில் போட்டு வையுங்கள்!