பகடையும் வரலாறும்: 1951 ஆம் ஆண்டுப் பேஸ்போல் தீர்வாட்டத் தொடரை மீள ஆடுதல் பற்றிய ஒரு நோக்கு

நடந்து முடிந்த விளையாட்டுப் போட்டியொன்றை, அதில் ஆடிய வீரர் எவருமின்றி, மேசைமீது அட்டைகளைப் பரப்பிப் பகடை உருட்டி மீளவும் ஆடிப்பார்க்கும் வழக்கமொன்று ஐக்கிய அமெரிக்காவிலே பல தசாப்தங்களாக நிலவிவருகின்றது. இன்று கணினியும் அப்பணியைச் செய்கின்றது. வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடத்தக்க இவ்வழக்கத்தை ஆய்விதழொன்றில் எடுத்தாள்வதற்குக் காரணமுண்டு. நிகழ்ந்தது நிகழ்ந்தே தீரவேண்டியதா, வரலாற்றில் தற்செயலுக்குரிய இடம் யாது, மனிதர் செயலை எண்ணாக மாற்றும்பொழுது எது மறைகின்றது என்னும் வினாக்கள், கையால் தொட்டுப் பார்க்கத்தக்க வடிவில் இவ்வாட்டத்திலே கிடக்கின்றன. இலக்கியத்தையும் வரலாற்றையும் ஒருங்கே நோக்குவோர் இவ்வினாக்களைத் தட்டிக்கழித்தல் இயலாது.

பேஸ்போல் நம்மவர்க்கு அதிகம் பழக்கமற்றது. எல்லே விளையாட்டை அறிந்தவர்க்கு அதன் அடிப்படை விளங்காமற் போகாது. எறியப்படும் பந்தை அடித்துவிட்டு நான்கு தளங்களையும் சுற்றி வருபவர் ஓர் ஓட்டம் பெறுகின்றார். மூவர் ஆட்டமிழந்ததும் அணியின் முறை முடியும். இத்தகைய முறைகள் ஒன்பது. பந்து வேலிக்கு அப்பாற் சென்று வீழ்ந்தால் அது ஹோம் ரன். அடித்தவரும் தளங்களில் ஏற்கெனவே நிற்பவர்களும் தடையின்றி ஓட்டம் பெறுவர். இதற்குமேல் நமக்கு இப்பொழுது தேவையில்லை.

மேசை ஆட்டங்களுள் ஏபிபிஏ என்பது 1951 இல் விற்பனைக்கு வந்தது. ஸ்ராற்-ஓ-மற்றிக் என்பதை ஹால் றிச்மன் 1961 இல் வெளியிட்டார். பின்னையதன் முறை நுட்பமானது. ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டை உண்டு. ஒரு பருவத்தில் அவர் எத்தனைமுறை அடித்தார், எத்தனைமுறை ஆட்டமிழந்தார் என்னும் கணக்கு அவ்வட்டையிலே விகிதங்களாகப் பரப்பப்பட்டிருக்கும். மூன்று பகடைகள் உருட்டப்படும். நிறம் வேறான பகடையில் 1, 2, 3 விழுந்தால் அடிப்பவரின் அட்டையையும், 4, 5, 6 விழுந்தால் எறிபவரின் அட்டையையும் நோக்கவேண்டும். ஏனைய இரண்டின் கூட்டுத்தொகை எந்த வரியைப் படிப்பதென்று சொல்லும். ஆகச் சேர்க்கைகள் 216. இரண்டு பகடைகளின் தொகை ஏழாக அமைய ஆறு வழிகளும், இரண்டாக அமைய ஒரே வழியும் இருத்தலால், எந்த விளைவை எந்த வரியில் வைப்பதென்பதே இவ்வமைப்பின் முழுச் சூட்சுமமுமாகும். ஒவ்வொரு மோதலின் விளைவும் சரிபாதி வாய்ப்புடன் அடிப்பவரிடமிருந்தோ எறிபவரிடமிருந்தோ பிறக்கின்றது என்பது ஒரு கோட்பாட்டு நிலைப்பாடும் ஆகும். அதனை வகுத்தவர் தம்மைத் தத்துவவாதி என்று எண்ணியிருக்கமாட்டார்.

இவ்வாறு மீள ஆடத் தகுந்த தொடர்களுள் 1951 ஆம் ஆண்டு நஷனல் லீக் தீர்வாட்டத் தொடருக்கு ஒப்பானது அரிது. அவ்வாண்டு ஓகஸ்ற் நடுப்பகுதியை அண்டிப் புறூக்ளின் டொட்ஜேர்ஸ் அணி, நியூயோர்க் ஜயன்ற்ஸ் அணியைவிடப் பதின்மூன்று ஆட்டங்களளவு முன்னின்றது. ஜயன்ற்ஸ் தம் இறுதி 44 ஆட்டங்களில் 37 ஐ வென்று, இரு அணிகளும் 96 வெற்றி, 58 தோல்வி என்ற சமநிலையை எய்தின. ஆகவே மூன்று ஆட்டங்கள் கொண்ட தீர்வாட்டத் தொடர் வேண்டப்பட்டது. ஒக்ரோபர் 1 ஆம் திகதி ஜயன்ற்ஸ் 3-1 என வென்றனர். மறுநாள் டொட்ஜேர்ஸ் 10-0 என வென்றனர். ஒக்ரோபர் 3 ஆம் திகதி போலோ கிறவுண்ட்ஸ் மைதானத்திலே, ஒன்பதாம் முறையின் கடைக்கூறு தொடங்கும்போது டொட்ஜேர்ஸ் 4-1 என முன்னின்றனர். டார்க், மியூலர் இருவரும் அடித்துத் தளமேறினர். மொன்ரி ஏர்வின் ஆட்டமிழந்தார். லொக்மனின் அடியால் ஓர் ஓட்டம் வந்தது. களைத்திருந்த டொன் நியூகொம்ப் நீக்கப்பட்டு றால்வ் பிராங்கா பந்தெறிய அழைக்கப்பட்டார். அவர் எறிந்த இரண்டாவது பந்தைப் பொபி தொம்சன் இடப்புற வேலிக்கப்பால் அடித்தார். முடிவு 5-4.

அதே நாளில் சோவியத் ஒன்றியத்தின் இரண்டாவது அணுவெடிப்புப் பற்றிய செய்தியை வெள்ளை மாளிகை வெளியிட்டது. மறுநாட் பத்திரிகையின் முதற்பக்கத்தில் இவ்விரண்டும் அருகருகே நின்றமை பின்னாளில் டொன் டிலிலோவின் 'அண்டர்வேர்ல்ட்' (1997) நாவலுக்கு வித்தாயிற்று. அது தனியே ஆராயவேண்டியதொன்று.

இத்தொடரை மீள ஆடுபவர் முதலிற் கற்பது தற்செயலின் வலிமையை. அவ்வாண்டில் தொம்சன் 518 துடுப்பாட்ட வாய்ப்புகளில் 32 ஹோம் ரன்களை அடித்தார்; ஏறத்தாழப் பதினாறுக்கு ஒன்று. எறிபவரின் அட்டையைச் சற்றே மறந்து இவ்விகிதத்தை மட்டும் கொண்டு நோக்கினால், அதே கணத்தைப் பதினாறு தடவை உருட்டும்பொழுது சராசரியாகப் பதினைந்தில் அந்த அடி நிகழாது. முதலாம் தளம் வெறுமையாக இருந்தது. பயிற்றுநர் டிரெசன் விரும்பியிருந்தால் தொம்சனை வேண்டுமென்றே முதலாம் தளத்துக்கு அனுப்பிவிட்டு, அடுத்து நின்ற இளைஞரை எதிர்கொள்ளச் செய்திருக்கலாம். அவ்விளைஞர் முதலாண்டு வீரரான வில்லி மேய்ஸ். காயமுற்றிருந்த றோய் கம்பனெல்லா இறுதி ஆட்டத்திற் பந்துபிடிப்பவராக நிற்க இயலவில்லை; மேசையிலோ அவருடைய அட்டையை வைப்பதற்குத் தடை எதுவுமில்லை. இவ்வாறு ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துப் பார்க்கும்பொழுது, 'விதிக்கப்பட்ட வெற்றி' என்று பத்திரிகைகளும் ஞாபகங்களும் சேர்ந்து கட்டிய புனைவு நம் கண்முன்னே தளர்கின்றது. இது இவ்வாட்டத்தின் சிறுமையான நன்மையன்று. தற்செயல்களுக்கு இடமேயில்லையெனின் உலக வரலாறு மாயத்தன்மை உடையதாகிவிடும் என்னும் கருத்தை 1871 ஏப்ரில் 17 ஆம் திகதி கூகல்மனுக்கு எழுதிய கடிதத்தில் மார்க்ஸ் வெளியிட்டார். மார்க்சியத்தைப் பொருளாதார விதிவாதமாகக் கொள்வோர் இக்கடிதத்தைப் படிப்பதில்லை போலும்.

ஆயின் தற்செயல் எங்கே குடியிருக்கின்றது? மேசை ஆட்டத்தின் விடை தெளிவானது: தற்செயல் பகடையில் இருக்கின்றது, அவசியம் அட்டையில் இருக்கின்றது. அட்டையிலுள்ள எண் வீரனின் இயல்பு; அது ஐயத்துக்கு அப்பாற்பட்டது. இவ்விடத்திலேதான் நமக்குக் கருத்து வேற்றுமை தோன்றுகின்றது.

தீர்வாட்டத் தொடரின் புள்ளிவிபரங்கள் முறையான பருவத்தின் கணக்கிலேயே சேர்க்கப்படுபவை. எனவே தொம்சனின் 32 ஹோம் ரன்களுள் பிராங்காவின் பந்தை வேலிக்கப்பால் அனுப்பிய அந்த அடியும் அடங்கும். முதலாட்டத்தில் அதே பிராங்காவுக்கெதிராக அவர் அடித்த ஹோம் ரன்னும் அடங்கும். எதை மீள நிகழ்த்திப் பார்க்க விழைகின்றோமோ அதன் விளைவு, காரணத்தின் வேடம் பூண்டு, அட்டையிலே முன்கூட்டியே அமர்ந்திருக்கின்றது. நிகழ்ச்சி இயல்பாக மாறுகின்றது. பின் அவ்வியல்பிலிருந்தே நிகழ்ச்சி பெறப்படுகின்றது. கருத்துநிலை தொழிற்படும் விதத்துக்கு இதனினும் சுருக்கமான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மற்றொன்றும் உண்டு. 2001 சனவரியில் வோல் ஸ்ரீற் ஜேர்னல் பத்திரிகையில் ஜோஷுவா பிறேகர் விரிவாக நிறுவிய செய்தி இது: 1951 யூலையிலிருந்து ஜயன்ற்ஸ் அணியினர் தம் மைதானத்தின் நடுக்கோடியில் அமைந்த அறையிலே தொலைநோக்கி ஒன்றை வைத்து, எதிரணியின் பந்துபிடிப்பவர் காட்டும் விரற்சைகைகளைக் களவாகப் படித்து, மின்மணி மூலம் தம் துடுப்பாட்டக்காரருக்கு அறிவித்துவந்தனர். தொம்சன், அக்குறித்த பந்துக்கான சைகையைத் தாம் பெறவில்லையென்றே கூறிவந்தார். அவர் பெற்றாரா இல்லையா என்ற விவாதத்தில் நமக்கு அக்கறையில்லை. சகுனியின் கைப்பட்ட காய்கள் பற்றிய கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, களவு புதுமையுமன்று. கவனித்தற்குரியது வேறு: அத்தொலைநோக்கி விளைத்த பயன் எத்துணையாயினும் அது அட்டையிலே தொம்சனின் ஆற்றலாகவும், பிராங்காவின் பலவீனமாகவும் பதிந்துவிட்டது. கருவியும் கூட்டு ஏற்பாடும் மறைந்து, தனிமனிதப் பண்பு மட்டும் எஞ்சுகின்றது. மனிதரிடையேயுள்ள உறவு பொருளின் குணமாகத் தோன்றும் நிலையை 'மூலதனம்' முதல் அத்தியாயத்திலேயே விளக்கியுள்ளது.

மொன்ரி ஏர்வினின் அட்டை இன்னும் கனமானது. 1951 இல் அவர் 121 ஓட்டங்களுக்கு வழிசெய்து லீக்கிலேயே முதலிடம் பெற்றார். அப்பொழுது அவருக்கு முப்பத்திரண்டு வயது. கறுப்பின மக்களுக்கு வாயிலடைத்திருந்த பெருஞ்சங்கங்களில் ஜக்கி றொபின்சன் 1947 இல் நுழைந்தபின், 1949 இலேயே ஏர்வினுக்கு இடம் கிடைத்தது. அதற்குமுன் நீக்ரோ லீக்கின் நியூவார்க் ஈகிள்ஸ் அணியிற் கழிந்த ஆண்டுகள் அதிகாரபூர்வ ஏடுகளில் நெடுங்காலம் எண்ணப்படவே இல்லை. அந்த லீக்குகளின் புள்ளிவிபரங்கள் 2024 மே மாதத்திலேதான் பெருஞ்சங்கப் பதிவேட்டில் இணைக்கப்பட்டன. 'தூய எண்' என்று போற்றப்படுவது எவருடைய ஆட்டம் ஆட்டமாகக் கொள்ளப்படும் என்னும் அதிகாரத் தீர்ப்புக்குப் பிற்பட்டதே என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இலக்கிய மாணவர்க்கு இவ்விடத்து ஒரு வேறுபாடு நினைவுக்கு வருதல் இயல்பு. நிகழ்ந்ததை வரலாற்றாசிரியனும், நிகழத்தக்கதைக் கவிஞனும் கூறுவர் என அரிஸ்ரோட்டில் கவிதையியலில் வகுத்தார். மீள்-ஆட்டம் நிகழத்தக்கதைக் கூறுகின்றது. ஆகவே அது வரலாற்றைவிடக் கவிதைக்கு அண்மையதென்று ஒருவர் வாதிக்கலாம். ஆனால் லூகாச் வற்புறுத்திய சராசரி, வகைமாதிரி என்னும் வேறுபாட்டை மனங்கொண்டால் அவ்வாதம் நில்லாது. அட்டை தருவது சராசரி. சராசரி மனிதன் முரண்பாடற்றவன். ஏப்ரில் மாதத்து முதலாம் முறையிலும் ஒக்ரோபர் மாதத்து ஒன்பதாம் முறையிலும் அவனுக்குக் கை நடுங்குவதில்லை, நியூகொம்ப்பைப் போலத் தோள் சோர்வதில்லை. சில ஆட்டங்களில் களைப்புக்கும் ஓர் எண் உண்டென்பது உண்மையே. அதுவும் சராசரிக் களைப்பு.

இனி, மேசைமுன் அமர்பவரின் நிலையை நோக்குவாம். அவர் வீரராகவன்றி, வீரரை இடுபவராகவும் எடுப்பவராகவும் ஆடுகின்றார். அட்டைகள் அவர் உடைமை. அவை கூலி கேட்பதில்லை. இந்நிலைக்கு 1951 இல் மெய்யான ஒப்புமை இருந்தது. அக்காலத்தில் 'ஒதுக்கீட்டு விதி' என்னும் ஒப்பந்த வாசகம் வீரனைத் தன் அணிக்கே ஆயுட்காலமும் பிணைத்தது. உரிமையாளர் அவனை விற்கலாம், மாற்றலாம், அவன் தானாக வெளியேறல் இயலாது. 1922 இல் உயர் நீதிமன்றம் பேஸ்போல் தொழிலை ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தியது. 1951 யூலையில், தொலைநோக்கி மைதானத்துக்கு வந்த அதே மாதத்தில், புறூக்ளினைச் சேர்ந்த எமானுவேல் செல்லரின் தலைமையில் காங்கிரஸ் உபகுழு ஒன்று இவ்வேகபோகத்தை விசாரிக்கத் தொடங்கிற்று. விதி தளர்ந்ததோ 1975 டிசெம்பரில், மெசர்சிமித், மக்னலி ஆகிய இரு வீரர் தொடர்பில் நடுவர் பீற்றர் சைற்ஸ் அளித்த தீர்ப்பாலேதான்.

இவ்வுறவை நாவலாசிரியருள் ஆழமாகக் கண்டவர் றொபேட் கூவர். 1968 இல் வெளிவந்த அவருடைய பேஸ்போல் நாவலின் நாயகன் ஹென்றி வோ ஒரு கணக்காளன். பகலில் நிறுவனத்தின் ஏடுகளைச் சலிப்புடன் புரட்டி, இரவிலே பகடையால் தானே படைத்த லீக் ஒன்றினை நடத்துகின்றான். அவன் நேசித்த இளம் பந்தெறிவாளன் பகடையின் ஒரு வீழ்ச்சியால், எதிரணியாளன் எறிந்த பந்து தாக்கி இறக்கின்றான். கணக்கைத் துறக்க இயலாத ஹென்றி ஈற்றிற் பகடையைக் கையால் திருப்பிவைத்து எதிரணியாளனைக் கொல்கின்றான். அமெரிக்க விமர்சகர் பலர் இதனைக் கடவுளுக்கும் படைப்புக்குமான உருவகமாகவே வாசித்தனர். நமக்கோ, ஹென்றி கணக்காளன் என்பதே முதன்மையாகப் படுகின்றது. பகலில் பிறர் இலாபத்தை எண்ணி அந்நியமாகும் உழைப்பு, இரவிலே விடுதலையைத் தேடும்பொழுதும் எண்ணும் ஏடுமாகவே அதைத் தேடுகின்றது. வேறு மொழி அவனுக்குக் கற்பிக்கப்படவில்லை.

அட்டைக்கும் வீரனுக்குமிடையேயான தூரம் ஒரேயொரு தடவை வெளிப்படையாக அளந்துகாட்டப்பட்டது. 1981 யூன் 12 ஆம் திகதி, ஒப்பந்தம் முடிந்து வெளியேறும் வீரனுக்கு ஈடாக அவனைப் பெறும் அணி மற்றொரு வீரனைத் தரவேண்டுமென்று உரிமையாளர் விதித்த கோரிக்கையை எதிர்த்து, பேஸ்போல் வீரர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கிற்று. 713 ஆட்டங்கள் இழக்கப்பட்டன. யூலை 14 ஆம் திகதி கிளீவ்லண்டில் நிகழவேண்டியிருந்த சகல நட்சத்திர ஆட்டம் நிகழவில்லை. அன்று அம்மைதானத்திலேயே, புல்வெளியில் வீரர் எவரும் இல்லாதிருக்க, ஸ்ராற்-ஓ-மற்றிக் அட்டைகளை வைத்துப் பகடை உருட்டி அவ்வாட்டத்தை ஆடிமுடித்தனர். மெய்யான ஆட்டமோ, வேலைநிறுத்தம் தீர்ந்தபின்னர், ஓகஸ்ற் 9 ஆம் திகதி அதே மைதானத்தில் நடைபெற்றது.