கூகலில் வேலை பார்க்க என்ன படிக்க வேண்டும்?

உயர்நிலைப் பள்ளி மாணவர்களுடன் வேலைவாய்ப்பு பற்றிப் பேசப் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வி தவறாமல் வருகிறது. கேட்பவர்களில் பலர் அடுத்த மூச்சில் சுந்தர் பிச்சையின் பெயரையும் சொல்லிவிடுவார்கள். மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த அவர், 2015ஆம் ஆண்டு கூகலின் தலைமை நிர்வாகி ஆனார். 2019 முதல் அதன் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டுக்கும் அவரே தலைமை நிர்வாகி.

அவர் கல்லூரியில் என்ன படித்தார் என்று நான் திருப்பிக் கேட்பேன். “கம்ப்யூட்டர் சயன்ஸ்” என்று உடனே பதில் வரும். உண்மையில் அவர் கரக்பூர் ஐஐடியில் படித்தது உலோகவியல். பிறகு ஸ்டான்ஃபர்டில் பொருளறிவியலும் வார்ட்டனில் வணிக நிர்வாகமும் படித்தார். 2004ல் கூகலில் சேர்ந்து, 2008ல் வெளிவந்த குரோம் உலாவியின் உருவாக்கத்தை முன்னின்று நடத்தினார். ஆகவே, “என்ன படிக்க வேண்டும்” என்பதற்கு ஒற்றைப் பதில் இல்லை.

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் தகவல் தொழில்நுட்பம் படித்துவிட்டு, இப்போது மென்பொருள் சோதனைப் பணியில் இருக்கிறேன். கூகல் ஊழியர் அல்லன். அதன் கருவிகளை நாள்தோறும் பயன்படுத்துபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் அங்கு என்ன வேலை?

கூகல் 2007ஆம் ஆண்டு சிங்கப்பூரில் அலுவலகம் திறந்தது. 2016ன் இறுதியில் பாசிர் பாஞ்சாங்கில் உள்ள மேப்பிள்ட்ரீ வர்த்தக வளாகத்துக்கு இடம் மாறியது. அதுவே ஆசிய பசிஃபிக் வட்டாரத்துக்கான தலைமையகம். அங்கு வேலை செய்வோர் அனைவரும் நிரல் எழுதுபவர்கள் அல்லர். விளம்பர விற்பனை, மேகக் கணினிச் சேவை, சட்டம், நிதி, கொள்கை, மனிதவளம் எனப் பல பிரிவுகள் உள்ளன.

பொறியாளர் குழு பின்னர் வளர்ந்தது. 2016ல் ‘பை’ என்ற சிங்கப்பூர்த் தொடக்க நிறுவனத்தைக் கூகல் வாங்கியது, இங்கு ஒரு பொறியாளர் குழுவை அமைப்பதற்காகத்தான். அடுத்த ஆண்டு இந்தியாவில் ‘தேஸ்’ என்ற பணம் செலுத்தும் செயலி அறிமுகமானது. இன்று அதன் பெயர் ‘கூகல் பே’. அதை உருவாக்கியதில் சிங்கப்பூரில் இருந்தவர்களுக்கும் பெரும் பங்கு உண்டு. முதல் நாளிலிருந்தே தமிழிலும் இயங்கிய செயலி அது.

இன்னொரு முகம் ஜூரோங் வெஸ்ட்டில் இருக்கிறது. அங்குதான் கூகலின் தரவு நிலையங்கள் உள்ளன. முதல் நிலையத்தின் பணி 2011ல் தொடங்கியது. 2018ல் 850 மில்லியன் அமெரிக்க டாலராக இருந்த மொத்த முதலீடு, 2024ல் 5 பில்லியன் டாலரை எட்டியதாக நிறுவனம் அறிவித்தது. தரவு நிலையம் என்பது மின்சாரத்தையும் குளிரூட்டலையும் நம்பி இரவு பகலாக ஓடும் ஆலை. பழுதான வட்டை மாற்ற வேண்டும், கம்பிவடங்களைச் சோதிக்க வேண்டும், குளிரூட்டும் நீரின் அளவைக் கண்காணிக்க வேண்டும். தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ மின்னியலும் இயந்திரவியலும் படிப்பவர்கள், “ஐடி வேலை நமக்கில்லை” என்று நினைத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த நிலையங்களை ஓட வைப்பதே அவர்களுடைய படிப்புதான்.

இலவசமாகக் கிடைக்கும் கருவிகள்

வேலை கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் உருவாக்கிய பல கருவிகள் மாணவர்களுக்கும் இலவசமாகவே கிடைக்கின்றன. உலாவியிலேயே பைத்தான் நிரலை எழுதி ஓட்டிப் பார்க்க ‘கோலாப்’ உதவும். விலை உயர்ந்த மடிக்கணினி தேவையில்லை. ஆண்ட்ராய்ட் செயலி எழுத ‘ஆண்ட்ராய்ட் ஸ்டூடியோ’ உண்டு. ஒரே நிரலில் ஆண்ட்ராய்ட், ஐஃபோன் இரண்டுக்கும் செயலி உருவாக்க ‘ஃபிளட்டர்’ உண்டு. இயந்திரக் கற்றலுக்கான ‘டென்சர்ஃபுளோ’ 2015ல் பொதுவெளிக்கு வந்தது.

உயர்நிலைப் பள்ளியில் கணினியியல் பாடம் எடுப்போருக்குப் பைத்தான் பழக்கமான மொழிதான். அவர்களுக்கு ஒரு சின்னப் பரிசோதனை. ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று பைத்தானிடம் கேளுங்கள். தொடக்கப்பள்ளிக் குழந்தைகூட மூன்று என்று சொல்லும். பைத்தான் ஐந்து என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோட் முறையில் அது தனித்தனியாக எண்ணுகிறது. அதே சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னால், புள்ளி எங்கோ போய் நிற்கும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கும் நிரலை நீங்களே பத்து வரியில் எழுதலாம். எழுதி முடித்த பிறகு, ‘ஓப்பன் தமிழ்’ என்ற திறந்த மூல நிரலகம் இதை எப்படிச் செய்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் மட்டும் நிரல் எழுதிப் பழகியவருக்கு இந்தக் கேள்வி எழ வாய்ப்பில்லை. தமிழ் தெரிந்தவருக்கு முதல் நாளே எழும்.

பூக்கடையில் ‘மாலை’

லிட்டில் இந்தியாவில் பூக்கடை ஒன்றின் முன்னால் நின்று, “மாலை வந்துவிட்டதா?” என்று ஒருவர் கேட்கிறார். கட்டி முடித்த பூமாலையைக் கேட்கிறாரா, பொழுதைக் கேட்கிறாரா? கடைக்காரருக்கு ஒரு நொடிகூடக் குழப்பம் வராது. கணினிக்கு வரும்.

கூகலின் மொழிபெயர்ப்புச் சேவையில் தமிழ் 2011ல் சேர்க்கப்பட்டது. முதலில் வாக்கியத்தைத் துண்டுதுண்டாக வெட்டி மொழிபெயர்க்கும் முறை இருந்தது. 2017ல் தமிழ் உட்பட ஒன்பது இந்திய மொழிகள், முழு வாக்கியத்தையும் சேர்த்துப் பார்க்கும் நரம்பணு வலைப்பின்னல் முறைக்கு மாறின. அதே 2017ல் கூகல் ஆய்வாளர்கள் எட்டுப் பேர் ‘டிரான்ஸ்ஃபார்மர்’ என்ற வடிவமைப்பை வெளியிட்டார்கள். வாக்கியத்தில் ஒரு சொல் மற்ற ஒவ்வொரு சொல்லோடும் எவ்வளவு தொடர்புடையது என்று எடைபோட்டுப் பார்ப்பதுதான் அதன் அடிப்படை. பக்கத்தில் ‘பூ’, ‘கட்டு’, ‘முழம்’ என்ற சொற்கள் இருந்தால், ‘மாலை’ என்பது பூமாலையாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. இன்றைய செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகள் பெரும்பாலும் இந்த வடிவமைப்பின் வழித்தோன்றல்களே.

ஆனால், எடைபோடக் கற்றுக்கொள்ள ஏராளமான எழுத்து வேண்டும். தமிழில் இணைய எழுத்து ஆங்கிலத்தைவிட மிகக் குறைவு. அதிலும் சிங்கப்பூர்த் தமிழ் இன்னும் குறைவு. ‘வீவக வீடு’, ‘ஈரச்சந்தை’, ‘பசியாறியாச்சா?’ போன்றவை நம் அன்றாடப் பேச்சு. இவை இல்லாத எழுத்தில் மட்டுமே பயின்ற கருவி, நாளை நம் தாத்தா பாட்டிக்கு மருந்தகத்தில் வழிகாட்டும் நிலை வந்தால் என்ன ஆகும்? மொழிபெயர்ப்பில் ஒரு சொல் தவறினால் சிரித்துவிட்டுப் போகலாம். மருந்தின் அளவு தவறினால் சிரிக்க முடியாது.

இந்த இடைவெளியைக் குறைக்கும் முயற்சி இங்கேயே நடக்கிறது. சிங்கப்பூரின் தேசிய செயற்கை நுண்ணறிவுத் திட்டமான ‘ஏஐ சிங்கப்பூர்’, தென்கிழக்காசிய மொழிகளுக்காக ‘சீ-லயன்’ என்ற மொழி மாதிரியை உருவாக்கியது. 2024 மார்ச் மாதம் ஏஐ சிங்கப்பூரும் கூகல் ஆய்வுப் பிரிவும் இணைந்து, இம்மொழிகளுக்கான தரவுகளைத் திரட்டும் ‘சீல்ட்’ என்ற திட்டத்தை அறிவித்தன. இந்தோனீசியம், தாய், ஃபிலிப்பினோ, பர்மியம் ஆகியவற்றுடன் முதல் ஐந்து மொழிகளில் தமிழும் ஒன்று. சீ-லயனின் மூன்றாம் பதிப்பின் ஒரு வடிவம், கூகல் வெளியிட்ட ‘ஜெம்மா’ மாதிரியின்மேல் எழுப்பப்பட்டது.

இத்தகைய திட்டங்களுக்கு நிரலாளர்கள் மட்டும் போதாது. கருவி தரும் பதில் சரியா, நம் ஊருக்குப் பொருந்துகிறதா, பெரியவர்களிடம் மரியாதையாகப் பேசுகிறதா என்று மதிப்பிட, மொழி தெரிந்தவர்கள் வேண்டும். தேர்வு முடிந்ததும் தமிழைக் கைகழுவிவிடலாம் என்று நினைக்கும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நமக்கு முன்னால் நடந்தவர்

சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இது புதிய வேலையும் இல்லை. தேசிய கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, இணையம் இங்கு பரவத் தொடங்கிய காலத்திலேயே ‘கணியன்’ என்ற தமிழ்க் கணினி முறையை உருவாக்கினார். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளின் நான்கு மொழி இணையப்பக்கத்தை அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். அதில் தமிழும் திரையில் தோன்ற அவருடைய உழைப்பே காரணம். 1997 மே மாதம் இங்கு நடந்த முதல் தமிழ் இணைய மாநாட்டையும் அவர் முன்னின்று நடத்தினார். 1999ல் அவர் மறைந்தார். மறு ஆண்டு சிங்கப்பூரில் நடந்த மாநாட்டில், ‘உத்தமம்’ என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது. இத்தனையையும் தொடங்கியவர் எந்தப் பெரிய நிறுவனத்திலும் வேலை பார்த்தவர் அல்லர். தமிழ் கற்பித்த ஆசிரியர்.

பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம்

பெரிய நிறுவனத்தில் வேலை கிடைத்தால் வாழ்நாள் முழுக்கக் கவலையில்லை என்று பெற்றோர் சிலர் நம்புகிறார்கள். 2023 ஜனவரியில் ஆல்ஃபபெட் உலகம் முழுவதும் சுமார் 12,000 பேரை ஆட்குறைப்பு செய்வதாக அறிவித்தது. எளிய நிரல்களைச் செயற்கை நுண்ணறிவே எழுதித் தரும் காலம் இது. புதிதாகச் சேர்பவரிடம் எதிர்பார்ப்பும் மாறிவருகிறது. நிரல் எழுதத் தெரிவதோடு, எழுதப்பட்ட நிரல் சரியா என்று சோதிக்கவும் ஏன் தவறு என்று விளக்கவும் தெரிய வேண்டும். இந்தத் திறன் வங்கிக்கும் மருத்துவமனைக்கும் அரசாங்க அமைப்புகளுக்கும்கூட வேண்டும். ஒரு நிறுவனத்தின் பெயரை இலக்காக வைப்பதைவிட, பல கதவுகளைத் திறக்கும் திறனை இலக்காக வையுங்கள்.

இன்னோர் எச்சரிக்கை. பிரபல நிறுவனத்தின் பெயரைச் சொல்லி வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ வேலை தருவதாக வரும் செய்திகளில் மோசடிகள் உண்டு. முன்பணம் கேட்டாலோ சிங்பாஸ் விவரம் கேட்டாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். சந்தேகம் இருந்தால் 1799 என்ற ஸ்கேம்‌ஷீல்டு உதவி எண்ணை அழைக்கலாம். உண்மையான வேலை அறிவிப்புகள் நிறுவனத்தின் சொந்த வேலைவாய்ப்புப் பக்கத்தில் இருக்கும்.

எங்கிருந்து தொடங்கலாம்?

உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் மேலே சொன்ன மூன்றெழுத்துப் பரிசோதனையிலிருந்து தொடங்கலாம். பிறகு குறளின் எழுத்துகளை எண்ணும் நிரல், பேருந்து வரும் நேரத்தைத் தமிழில் சொல்லும் செயலி என்று ஒவ்வொன்றாக முயலலாம்.

18 வயது நிரம்பியவர்கள், 2005 முதல் கூகல் நடத்திவரும் ‘சம்மர் ஆஃப் கோட்’ திட்டத்தைப் பார்க்கலாம். வழிகாட்டி ஒருவரின் துணையுடன் திறந்த மூல மென்பொருளுக்குப் பங்களிக்கும் திட்டம் அது. 2022 முதல், மாணவர் அல்லாத புதியவர்களும் சேரலாம். பட்டப்படிப்பு முடித்த சிங்கப்பூரர்களுக்கு ஏஐ சிங்கப்பூரின் பணிப்பயிற்சித் திட்டம் உண்டு. அதில் உண்மையான நிறுவனங்களின் சிக்கல்களைத் தீர்த்தபடியே கற்கலாம்.

வேலைக்கான நேர்காணலில் சான்றிதழ்களை அடுக்குபவர்கள் பலர். “இதை நான் உருவாக்கினேன், இந்த இடத்தில் சிக்கியது, இப்படித் தீர்த்தேன்” என்று சொல்லக்கூடியவர்கள் சிலரே. நீங்கள் அந்தச் சிலரில் ஒருவராக, இந்த வார இறுதியில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ‘தமிழ்’ என்ற சொல்லில் மூன்றே எழுத்து என்று கணினிக்கு முதலில் கற்றுக்கொடுங்கள்.