இரண்டு ஆஸ்டின் செவன்கள்

1959ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரிட்டனில் ஒரு சிறு மோட்டார் வண்டி விற்பனைக்கு வந்தது. ‘மினி’ என்று நாம் அறிந்த வண்டி அதுவே. ஆனால் அன்று அதற்குப் பெயர்கள் இரண்டு. மோரிஸ் மினி-மைனர் என்பது ஒன்று. ஆஸ்டின் செவன் என்பது மற்றொன்று. இரண்டாவது பெயர் 37 ஆண்டுகளுக்கு முன் பிறந்த வேறொரு வண்டியினுடையது. அப்பெயருக்கு மினி உரியதுதானா என்பதை உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முதல் ஆஸ்டின் செவன் 1922இல் வெளிவந்தது. அக்காலத்தில் எளிய குடும்பத்தினர் மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் சைடுகார் பூட்டி, மனைவி மக்களை அதில் ஏற்றிச் சென்றனர். மழை வந்தால் நனைய வேண்டியதுதான். அவ்வளவு இடத்திலேயே அடங்கும் உண்மையான காரைச் செய்ய ஹெர்பர்ட் ஆஸ்டின் விரும்பினார். கம்பெனியின் இயக்குநர்கள் இசையவில்லை. எனவே தம் இல்லத்திலேயே, ஸ்டான்லி எட்ஜ் என்னும் 18 வயது வரைவாளரைத் துணைக்கொண்டு வண்டியைத் திட்டமிட்டார். மாணவ நேயர்கள் அந்த வயதைக் கவனிப்பார்களாக!

அவர்கள் செய்தது, பெரிய காரைச் சிறிதாக்கியதே. நான்கு சிலிண்டர் எஞ்சின், நான்கு சக்கரங்களுக்கும் பிரேக்கு, பின்சக்கரங்களைச் சுழற்றும் நீண்ட தண்டு, எல்லாம் உண்டு. 1939 வரை ஏறத்தாழ 2,90,000 வண்டிகள் உருவாயின. ஆயினும் அதன் பின் ஆசனம் குழந்தைகளுக்கே ஏற்றது.

1956இல் சூயஸ் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. மக்கள் முட்டை வடிவச் சிற்றுந்துகளை நாடினர். அவற்றுக்குப் போட்டியாக முறையான சிறு காரை அமைக்கும் பணி அலெக் இசிகோனிஸிடம் ஒப்படைக்கப்பட்டது. அவரோ எதையும் குறுக்கவில்லை, இடம் மாற்றினார். நீளவாட்டில் கிடந்த எஞ்சினைக் குறுக்காகத் திருப்பினார். கியர்ப் பெட்டியை அதன் அடியில் வைத்து, இரண்டுக்கும் ஒரே எண்ணெயைப் பொதுவாக்கினார். முன்சக்கரங்களே இழுக்குமாறு செய்ததால் நீண்ட தண்டு தேவையற்றதாயிற்று. சக்கரங்கள் பத்து அங்குலம். எஃகு வில்லுக்குப் பதில் ரப்பர்க் கூம்பு. பத்தடி நீள வண்டியில் பெரியவர் நால்வர் அமர்ந்தனர்.

துணிவில் மினியே பெரிது என்பது என் கருத்து. ஆனால் கியரில் கோளாறு நேர்ந்தால் எஞ்சினையே வெளியே தூக்க வேண்டும். தொடக்க கால வண்டிகளில் தரை வழியே மழைநீரும் புகுந்தது. முதல் செவனோ சிறு பட்டறைக்காரரும் பிரித்துப் பூட்டக்கூடிய எளிமையுடையது.

பெயருக்கு வருவோம். இளமையில் இசிகோனிஸ் ஆஸ்டின் செவனைப் பந்தயங்களில் ஓட்டியவர். பின்னர் நண்பர் ஒருவருடன் சேர்ந்து, தம் கைகளாலேயே ஒரு பந்தயக் காரைக் கட்டினார். அதில் இருந்தது ஆஸ்டின் செவனின் எஞ்சின்; வில்லாகப் பயன்பட்டது ரப்பர். பெயர் தகும் என்றே சொல்வேன். மக்கள் அதனை ஏற்கவில்லை. 1962இல் கம்பெனியும் ஆஸ்டின் மினி என மாற்றிவிட்டது.