பிறவிக் குறையா, பட்ட காயமா?
சில்லறைக் காசில் அச்சுப் பிழை காணும் வழி

2023 நவராத்திரி சமயம். மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தின் கீழ் வீட்டு மாமி ஒரு குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். உள்ளே ஒரே ஒரு பத்து ரூபாய்க் காசு.

"அண்ணா, நீங்கதான் காசெல்லாம் சேர்க்கிறேளே, இதைச் சித்த பார்த்துச் சொல்லுங்கோ. அஞ்சு லட்சம் போகுமாம்."

காசைப் புரட்டினேன். மதிப்பு இருக்க வேண்டிய பக்கத்தின் நடு வட்டத்தில் சிங்கத் தலை இருந்தது. போனில் படம் அனுப்பினாராம். வாங்குகிறேன் என்றவர் 'பதிவுக் கட்டணம்' 2,100 ரூபாய் கேட்க, அதையும் கட்டியாகிவிட்டது. இப்போது வரி என்று 9,500 ரூபாய், மறுநாள் காலைக்குள். "பேத்திக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டலாமேன்னு பார்த்தேன்" என்றார் மாமி.

"காசை வச்சுட்டுப் போங்கோ. ராத்திரிக்குள்ளே சொல்றேன். அதுவரைக்கும் ஒரு பைசா அனுப்பாதீங்கோ" என்றேன்.

கோட்டைப் பகுதியில் ஒரு வியாபார நிறுவனத்தில் 34 வருஷம் காசாளராக இருந்தவன் நான். ரிசர்வ் வங்கிக்கு எதிரே உள்ள நாணயச் சாலையைத் தாண்டித்தான் தினமும் ஆபீஸ் போவேன். சில்லறை எண்ணி எண்ணியே காசின்மேல் ஒரு பைத்தியம் பிடித்துவிட்டது. சங்கத்து அன்பர்கள் பலரும் மாமி கேட்டதையே என்னிடம் கேட்டிருப்பதால், தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

காசு பிறக்கும் விதம்

பிழையை அறிய முதலில் காசு எப்படிப் பிறக்கிறது என்று தெரிய வேண்டும். நீண்ட உலோகத் தகட்டிலிருந்து, அப்பளம் வெட்டுவதுபோல், வட்ட வில்லைகள் வெட்டப்படுகின்றன. அவற்றைச் சூடாக்கி இளக்கி, விளிம்பைச் சற்றே உயர்த்துவார்கள். பிறகு மேலும் கீழும் இரண்டு அச்சுகள், சுற்றிலும் ஒரு வளையம். நடுவில் வில்லை விழுந்ததும் ஓர் அடி. ஒரே அடியில் தலையும் பூவும் பதிந்துவிடும். இதில் எந்தப் படி தவறினாலும், அந்தப் படிக்கே உரிய அடையாளம் காசில் தங்கும்.

அச்சில் விரிசல் விட்டால் அடிக்கும்போது அந்தப் பிளவுக்குள் உலோகம் ஏறும். அதனால் காசின்மேல் நூல்போல ஒரு மேட்டுக் கோடு தெரியும். அதே இடத்தில் கீறல் விழுந்திருந்தால் அது பள்ளமாக இருக்கும். நகத்தால் தடவினாலே தெரிந்துவிடும். மேடு பெரும்பாலும் பிறவி. பள்ளம் பெரும்பாலும் பின்னால் பட்டது.

வில்லை அச்சின் நடுவில் சரியாக விழாவிட்டால் சித்திரம் ஒரு பக்கம் ஒதுங்கி, மறு பக்கத்தில் பிறைபோல வெற்றிடம் நிற்கும். தகட்டில் ஏற்கெனவே வெட்டிய ஓட்டையைத் தொட்டு வெட்டினால், எலி கடித்ததுபோல ஓரம் குறைந்த வில்லை வரும். இதற்குச் சாட்சி எதிர்ப் பக்கத்தில் இருக்கும். கடிபட்ட இடத்துக்கு நேர் எதிரே விளிம்பு மங்கலாகவே எழுந்திருக்கும். யாராவது அரத்தால் ராவியிருந்தால் எதிர் விளிம்பு முழுசாக இருக்கும்.

அடித்த காசு வெளியே போகாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லைக்கு அதுவே அச்சாகிவிடும். அப்போது ஒரு பக்கம் சித்திரம் சரியாகவும், மறு பக்கம் அதே சித்திரம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறிக் குழிவாகவும் விழும். நம் நாட்டுக் காசு வியாபாரிகள் இதை 'லாக்கி' என்பார்கள்.

அச்சு திரும்பியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலப வழி. சிங்கம் நேராக நிற்கும்படி பிடித்து, புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவதுபோல் திருப்புங்கள். நம் இந்தியக் காசில் பின்பக்கமும் நேராக வரவேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ வந்தால் பிழைதான்.

பிழை என்று ஏமாறுபவை

வருஷத்தின் கீழே சின்ன வைர வடிவம் இருந்தால் அது மும்பைக் காசு. நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா. கொல்கத்தாவுக்கு அடையாளமே கிடையாது. "குறி விட்டுப்போச்சு, அபூர்வக் காசு" என்று நம்மிடம் கொண்டுவருவது பெரும்பாலும் கொல்கத்தாக் காசுதான்!

2011 ஆம் ஆண்டு வரிசையின் இரண்டு ரூபாய்க் காசு 25 மில்லிமீட்டர் அகலம், 4.85 கிராம் எடை. 1992 முதல் வந்த எஃகு ஒரு ரூபாய்க்கும் இதே அளவுதான். ஒரு ரூபாய் வில்லையில் இரண்டு ரூபாய் அடித்துவிட்டார்கள் என்று இதைப் பார்த்து மயங்கக்கூடாது. ஐந்து ரூபாயும் அப்படியே. 9 கிராம் தாமிர நிக்கல் காசு, 6 கிராம் எஃகுக் காசு, 6 கிராம் மஞ்சள் காசு, எல்லாமே முறையாக வந்தவை.

பத்து ரூபாயில் ரூபாய்ச் சின்னம் இல்லையென்றால் அது பிழையும் இல்லை, போலியும் இல்லை. அந்தச் சின்னம் ஏற்கப்பட்டதே 2010இல்; காசில் ஏறியது 2011இல். தமிழ்நாட்டில்கூடப் பல கடைகளில் பத்து ரூபாய்க் காசை வாங்க மறுத்தார்கள். 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவிக்க வேண்டியிருந்தது.

கையால் செய்த பிழைகள்

இங்கேதான் நானும் ஏமாந்தேன். பல வருஷம் முன்பு நடைபாதைக் கடையில் ஒரு 'லாக்கி'யை 600 ரூபாய் கொடுத்து வாங்கி, வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தால் குட்டு வெளிப்பட்டது. குழிந்த எழுத்துகளுக்கு அடியில் பழைய சித்திரம் நசுங்கிக் கிடந்தது. இரண்டு காசுகளைச் சேர்த்து வைத்து, பட்டறை இடுக்கியில் நெருக்கியிருக்கிறார்கள். உண்மையான லாக்கியில் அடியில் வேறு சித்திரமே இருக்காது. ஏனென்றால் அது அப்போதுதான் பிறக்கும் வெறும் வில்லை. வீட்டில் சொன்னபோது, "செல்லாக் காசுக்கு 600 ரூபாயா?" என்று கேட்டாள். இன்றுவரை பதில் சொல்லவில்லை.

தண்டவாளத்தில் வைத்து நசுக்கியது, நெருப்பில் காட்டி நிறம் மாற்றியது, அமிலத்தில் போட்டு மெலியவைத்தது, இவையெல்லாமும் இந்த வகைதான். ஆகவே ஒரு காசைப் பார்த்தவுடன் "எவ்வளவு போகும்?" என்று கேட்காதீர்கள். "இது நாணயச் சாலையில் எந்தப் படியில் நடந்திருக்க முடியும்?" என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் அது பிழை அல்ல, காயம். உண்மைப் பிழையே ஆனாலும், நேரில் காசைக் கையில் வாங்கிப் பார்த்துப் பணம் தருபவரிடம்தான் பேச்சு. விற்பவனிடமே முன்பணம் கேட்கும் வியாபாரம் உலகத்தில் எங்கே உண்டு? பழைய காசு வாங்கி விற்பதில் தனக்குத் தொடர்பில்லை, எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

மாமியின் காசு

அன்று இரவு அந்தப் பத்து ரூபாயை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். இருநிறக் காசில் மஞ்சள் வளையமும் வெள்ளை நடுவட்டமும் தனித்தனி வில்லைகள். அவை ஒன்றாக இறுகுவதும் சித்திரம் பதிவதும் ஒரே அடியில். அப்படியிருக்க, வளையத்தில் பூப்பக்கமும் நடுவில் தலைப்பக்கமும் சேர்ந்து பிறக்க வழியே இல்லை. யாரோ நடுவட்டத்தைத் தட்டி வெளியே எடுத்து, திருப்பிப் போட்டு அடித்திருக்கிறார்கள். இணைப்பு ஓரத்தில் சுத்தியல் தழும்பும் தெரிந்தது.

கீழே போய் மாமியிடம் பூதக்கண்ணாடியைக் கொடுத்து அந்தத் தழும்பைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "அப்போ இது பத்து ரூபாய்தானா, அண்ணா?" என்று கேட்டார். பத்து ரூபாய்க்குக்கூடக் கடைக்காரர் வாங்க யோசிப்பார் என்று எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. "9,500 ரூபாய் மிச்சம், மாமி" என்றேன்.

அன்றே 1930 என்ற எண்ணில் புகார் சொன்னோம். 2,100 ரூபாய் திரும்பவில்லை. காசு இப்போது என்னிடம் இருக்கிறது. என் பேரனுக்கும் மாமியின் பேத்திக்கும் பாடம் சொல்ல, அந்த 600 ரூபாய் லாக்கிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.